குளத்தின் அளவுகோலும் கணினியின் அளவுகோலும்

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம் கிளிநொச்சி மாவட்டத்து வயல்களுக்கு உயிர்நாடி போன்றது. 1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கப்பெற்ற இக்குளம் பின்னர் பல கட்டங்களாகப் பெருப்பிக்கப்பட்டது. அண்மைக் காலத்துப் புனரமைப்பின்போது அதன் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. மாரி காலத்தில் வன்னியில் இருவர் சந்தித்தால், சுகம் விசாரித்த பின் அடுத்து எழும் வினா, ‘குளம் எத்தனை அடி?’ என்பதாகவே இருக்கும். அவ்வினாவுக்கு விடை தருவது குளத்தில் நிறுத்தப்பெற்ற அளவுகோல்.

அந்த அளவுகோலின் அமைப்பு மிக எளியது. அடியில் பூச்சியம், மேலே அடியடியாகக் கோடுகள். கோடுகளுக்கிடையே உள்ள தூரம் எங்கும் ஒன்றே. மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் கோடுகள் இடம் பெயர்வதில்லை. நீரே ஏறி இறங்குகின்றது. நேற்று 30ஆம் அடியில் நின்ற நீர் இன்று 29ஆம் அடியில் நின்றால், குளம் ஓர் அடி இறங்கிவிட்டதென்று எழுத்தறியாத கமக்காரரும் அறிந்துகொள்வர். அளவுகோல் அசையாது நிற்கும் என்ற நம்பிக்கையே அதனைப் பயனுடையதாக்குகின்றது.

ஒவ்வொரு நாளும் இரவில் யாரோ ஒருவர் வந்து அந்தக் கோடுகளை அழித்து, வேறு இடைவெளியில் புதிய கோடுகளை வரைந்துவிட்டுச் செல்வாராயின் என்ன ஆகும்? நீர் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை எவராலும் சொல்ல இயலாது. நடவாத காரியம் போலத் தோன்றும் இஃது இக்காலத்தில் நாள்தோறும் நடைபெறுகின்றது. குளக்கட்டில் அன்று, கணினியின் திரையில்.

இன்று குளங்களின் நீர்மட்டம், மழைவீழ்ச்சி, கிணறுகளின் நீராழம் ஆகியவை தரவுகளாகக் கணினியில் சேர்க்கப்படுகின்றன. அவற்றை வரைபாக மாற்றுவதற்கு ஒரு செய்நிரல் எழுதப்படுகின்றது. எண்களைக் கொடுத்தால் நொடிப்பொழுதில் வரைபு திரையில் தோன்றும். மாணவன் வரைபுத்தாளில் ஒருமணி நேரம் செலவிட்டு வரைவதைக் கணினி ஒரு நொடியில் வரைந்துவிடுகின்றது. ஆயினும், மாணவன் புள்ளிகளைக் குறிப்பதற்கு முன் செய்யும் ஒரு சிந்தனை இங்கே விடுபட்டுப் போகின்றது. அவன் முதலில் இரண்டு அச்சுகளை வரைகின்றான். ‘ஒரு சதுரத்துக்கு எத்தனை அடி?’ என்று தன்னைத்தானே கேட்டு, அளவிடையை முடிவு செய்கின்றான். கணினியிடம் இதனைச் சொல்லாது விட்டால், அது தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றது.

வரைபு என்னும் கருவி மிகப் பழையதன்று. பிரான்சிய அறிஞர் டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட நூலினால், இடத்தை எண்களாற் குறிக்கும் முறை பரவலாயிற்று. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் 1786இல் வெளியிட்ட வாணிக அட்டவணை நூலில், ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாகவும் சலாகைகளாகவும் வரைந்து காட்டினார். கண் ஒரு நோக்கில் கண்டுகொள்வதை நூறு எண்கள் சேர்ந்தும் சொல்ல இயலாது என்பதே இம்முறையின் வலிமை. அந்த வலிமையிலேயே அதன் ஆபத்தும் உண்டு. எண்ணைப் படிப்பவர் எண்ணை நம்புகின்றார். வரைபைப் பார்ப்பவர் அதன் சரிவை நம்புகின்றார். சரிவோ அளவிடையைப் பொறுத்தது.

கணினி அளவிடையை எவ்வாறு தெரிவு செய்கின்றது? பைதன் மொழியில் எழுதுவோர் பெரிதும் கையாளும் வரைபு நூலகம் ‘மற்புளொட்லிப்’ என்பது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோன் ஹன்ரர் உருவாக்கிய இது 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. கட்டளை ஏதும் கொடாதவிடத்து, இந்நூலகம் தரவுகளுள் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் தேடி எடுக்கும். அவற்றுக்கிடையேயுள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கை மேலும் கீழும் ஓரமாக விட்டு, எஞ்சிய இடம் முழுவதையும் தரவுகளால் நிரப்பும். 2017இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல் இதுவே அதன் வழக்கம். தாள் வீணாகாதபடி படத்தை நிரப்புவதே அதன் நோக்கம், அந்நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால், குளத்தின் முழு மட்டம் 36 அடி என்பது அதற்குத் தெரியாது. வயலுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதும் தெரியாது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். குளத்தில் நீர் 30 அடி நிற்கின்றதெனக் கொள்வோம். ஒரு கிழமையில் அது சிறிது சிறிதாக இறங்கி 29.6 அடிக்கு வருகின்றது. குறைந்தது ஓர் அடியிற் பாதியும் இல்லை. இத்தரவுகளைக் கணினி 18 சென்ரிமீற்றர் உயரமான படமாக வரைகின்றது. கோடு படத்தின் உச்சியில் தொடங்கி அடிவரை, 16 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக, செங்குத்தாகச் சரிந்து விழும். இன்னொரு கிழமையில் நீர் 30 அடியிலிருந்து 26 அடிக்கு, அதாவது நான்கு அடி, இறங்குவதாகக் கொள்வோம். அந்தப் படத்திலும் கோடு அதே உச்சியில் தொடங்கி அதே அடியில் முடியும். முன்னையதைப் போலப் பத்து மடங்கு நீர்மட்டம் குறைந்திருந்தும், இரு படங்களும் ஒன்றையொன்று அச்சிட்டது போல் இருக்கும். வேறுபாடு இடப்புற ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள எண்களில் மாத்திரமே தெரியும். கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு அவ்வெண்கள் எட்டுவதில்லை.

இது வெறும் கண்மயக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. சிறுபோகம் தொடங்குமுன், அரச அதிகாரிகளும் நீர்ப்பாசனத் துறையினரும் கமக்காரர் அமைப்புகளும் கூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துவர். குளத்தில் உள்ள நீருக்கேற்ப, அந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கே தீர்மானிக்கப்படும். காலபோகத்தில் மழை துணை நிற்கும்; சிறுபோகத்தில் குளத்து நீரே துணை. ஆகையால், வயல் முழுவதும் விதைக்க இயலாத ஆண்டுகளில் பங்கீடு தவிர்க்க முடியாததாகின்றது. செங்குத்தாகச் சரியும் ஒரு படத்தைக் கண்டு கூட்டம் அஞ்சினால், விதைக்கத்தக்க நிலம் தரிசாகக் கிடக்கும். தட்டையான ஒரு படத்தைக் கண்டு கூட்டம் துணிந்தால், கதிர் பால் பிடிக்கும் வேளையில் வாய்க்கால் வற்றிவிடும். இரண்டிலும் இழப்பு ஒரு குடும்பத்தின் சோற்றிலேதான் வந்து விழுகின்றது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. செய்நிரலில் ஒரே ஒரு வரியால், நிலைக்குத்து அச்சின் கீழெல்லை பூச்சியம், மேலெல்லை 36 என்று கட்டளையிடலாம். அப்பொழுது கணினியின் அச்சு, குளத்தில் நிற்கும் அளவுகோலைப் போலவே அசையாது நிற்கும். முதற் கிழமையின் இறக்கம் படத்தில் இரண்டு மில்லிமீற்றராகவும், மற்றக் கிழமையின் இறக்கம் இரண்டு சென்ரிமீற்றராகவும் தோன்றும். பத்து மடங்கு வேறுபாடு பத்து மடங்காகவே கண்ணுக்குப் புலப்படும். இன்று வரைந்த படத்தை அடுத்த மாதம் வரைந்த படத்தோடு அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியும்.

இதனைக் கொண்டு, எல்லா வரைபுகளும் பூச்சியத்திலேயே தொடங்க வேண்டுமென்று விதி வகுத்துவிடுதலும் தவறாகும். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தால் பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரத்தையும் முறையையும் பற்றிப் பின்னர் விவாதமும் விசாரணையும் எழுந்தன. அத்தகைய ஓர் இரவில், நீர் 34 அடியைக் கடந்து 36 அடியை நோக்கி ஏறும்போது, ஒவ்வோர் அங்குலமும் முக்கியமானது. பூச்சியம் முதல் 36 வரையுள்ள 18 சென்ரிமீற்றர் படத்தில் ஓர் அடி உயர்வு அரைச் சென்ரிமீற்றராகவே தோன்றும். அபாயம் தட்டைக் கோடாக மறைந்துவிடும். அதே படத்தை 33 அடி முதல் 37 அடி வரை வரைந்தால், ஓர் அடி உயர்வு நாலரைச் சென்ரிமீற்றராக எழுந்து நிற்கும். முழு நீர்மட்டமான 36 அடியில் ஒரு சிவப்புக் கோடும் இட்டுவிட்டால், காவலில் நிற்பவர் ஏறும் வேகத்தையும் எஞ்சியுள்ள இடைவெளியையும் ஒருங்கே காண்பார்.

ஒரே குளத்துக்கு இரண்டு அளவிடைகள் பொருந்துவது எவ்வாறு? கேட்கப்படும் வினா வேறுபடுவதே காரணம். ‘போகத்துக்கு நீர் போதுமா?’ என்பது சிறுபோகக் கூட்டத்தின் வினா. அதற்கு முழுக் குளமும் படத்தில் இருத்தல் வேண்டும். ‘வான்கதவைத் திறக்கும் வேளை வந்துவிட்டதா?’ என்பது மாரிகாலத்து வினா. அதற்கு மேல்விளிம்பு மாத்திரம் போதும். இரண்டிலும் எல்லையைத் தெரிந்தெடுப்பவர், வினாவை அறிந்த மனிதராக இருத்தல் வேண்டும். எல்லை குறுக்கப்பட்டதாயின், அதனைப் படத்தின் தலைப்பிலேயே சொல்லிவிடுதல் நேர்மை.

வரைபின் வகையும் இங்கே கவனிக்கத்தக்கது. சலாகை வரைபில் கண் அளப்பது சலாகையின் நீளத்தை. எனவே சலாகை பூச்சியத்திலிருந்தே எழ வேண்டும். அடியை வெட்டிவிட்டால் நீளம் பொய் சொல்லும். கோட்டு வரைபில் கண் அளப்பது ஏற்ற இறக்கத்தை. அங்கே பூச்சியம் எப்பொழுதும் வேண்டுவதில்லை. வவுனியாவின் பகல் வெப்பநிலையை வரையும்போது பூச்சியப் பாகை செல்சியசிலிருந்து தொடங்குதல் பொருளற்றது. அந்த வெப்பநிலையை வன்னி மண் கண்டதில்லை. அடிவெட்டிய வரைபுகள் மக்களை எவ்வாறு ஏமாற்றும் என்பதை, டரல் ஹவ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1954இல் புள்ளிவிபரப் பொய்களைப் பற்றி எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் அப்படிப்பட்ட படத்தை வரைய ஒருவர் வேண்டுமென்றே முனைய வேண்டியிருந்தது. இக்காலத்தில் முனைப்பு எதுவும் வேண்டியதில்லை. வாளாவிருந்தாலே போதும், கணினி அதனை வரைந்துவிடும்.

பல குளங்களை ஒருங்கே காட்டும்போது இன்னொரு சிக்கல் எழுகின்றது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகியவற்றின் நீர்மட்டங்களை நான்கு சிறு படங்களாக ஒரே தாளில் வரையலாம். கணினி ஒவ்வொரு படத்துக்கும் வெவ்வேறு எல்லையைக் கொடுத்துவிடும். நான்கும் ஒரே அளவு நிரம்பி, ஒரே அளவு வற்றுவன போலத் தோன்றும். நான்கும் ஒரே அச்சைப் பகிரவேண்டுமென்று செய்நிரலில் கட்டளையிட வழி உண்டு. அவ்வாறு செய்தால் ஆழமான குளமும் ஆழங்குறைந்த குளமும் தத்தம் இயல்பில் தோன்றும். ஆனால், ஆழங்குறைந்த குளம் நிரம்பி வழிந்தாலும் பாதி நிறைந்தது போலக் காட்சி தரும். ஆதலின், ஒவ்வொரு குளத்தின் கொள்ளளவில் எத்தனை சதவீதம் நிறைந்துள்ளது என்று கணக்கிட்டு, பூச்சியம் முதல் நூறு வரையுள்ள ஒரே அச்சில் வரைவது சிறந்தது.

அடிக்கணக்கு வேறு, நீரின் கணக்கு வேறு என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளுதல் நன்று. குளம் தட்டு போன்றது. அடி ஒடுங்கி, மேலே விரிந்திருக்கும். அடியிலுள்ள ஓர் அடி உயரத்தில் அடங்கும் நீரைவிட, மேலேயுள்ள ஓர் அடி உயரத்தில் அடங்கும் நீர் பன்மடங்கு அதிகம். 34 அடியை 36 அடியாக உயர்த்துதல் எண்ணளவில் சிறிதாகத் தோன்றினும், நீரளவில் பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். அடியை அச்சாகக் கொண்ட வரைபு பாதியில் நிற்பதைக் கண்டு, குளத்தில் பாதி நீர் உள்ளதென்று கணக்கிடுபவர் ஏமாறுவர். விதைப்புக் கணக்குக்கு ஏக்கர் அடியை அச்சாகக் கொண்ட வரைபே துணையாகும்.

மழையின் கணக்கு இவற்றினும் கடினமானது. வவுனியா மாவட்டத்தின் வடபால் உள்ள நெடுங்கேணியில், 1897ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஒரு நாட்பொழுதில் 31 அங்குலத்துக்கு மேற்பட்ட மழை, அதாவது ஏறத்தாழ 800 மில்லிமீற்றர், பெய்ததாகப் பதிவு உண்டு. இலங்கையின் வானிலை வரலாற்றில் பெரிதும் எடுத்துக் கூறப்படும் பதிவு அது. வன்னியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்டது அந்த ஒரு நாளிற் கொட்டியது எனலாம். இப்பதிவையும் உள்ளடக்கி நாளாந்த மழையை வரைந்தால், கணினி தன் மேலெல்லையை 800க்கு மேலே உயர்த்திவிடும். பயிருக்கு நல்ல மழையாகிய 20 மில்லிமீற்றர், 18 சென்ரிமீற்றர் படத்தில் அரைச் சென்ரிமீற்றருக்கும் குறைந்து நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பெருமழை மற்ற எல்லா மழைகளையும் விழுங்கிவிடும்.

அந்த நாளை அகற்றிவிடலாமா? மேலெல்லையை 100 மில்லிமீற்றர் என்று வைத்தால் சிறு மழைகள் தெளிவாகும். ஆனால், இங்கே செய்நிரல் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மற்புளொட்லிப்பில் எல்லையைக் குறுக்கினால், அது சன்னலைச் சிறிதாக்குவது போன்றது. வெளியேயுள்ள தரவு பார்வைக்கு மறையுமேயன்றி அழிவதில்லை. ஆர் மொழியின் ‘ஜீஜீபுளொட்’ நூலகத்தில் அளவிடைக்கே எல்லை விதித்தால், எல்லைக்கு வெளியேயுள்ள தரவு கணிப்பிலிருந்தே நீக்கப்படும். சன்னலை மாத்திரம் குறுக்குவதற்கு அங்கே வேறு கட்டளை உண்டு. ஒன்பது நாட்கள் 20 மில்லிமீற்றரும் ஒரு நாள் 800 மில்லிமீற்றரும் பெய்ததெனக் கொண்டால், நாட்சராசரி 98 மில்லிமீற்றர். பெருமழை நாள் கணிப்பிலிருந்து நீங்கிவிட்டால் சராசரி 20 ஆகிவிடும். பாலத்தின் அகலத்தையும் வான்கதவின் அளவையும் அந்த இருபதைக் கொண்டு முடிவு செய்தால் விளைவு எத்தகையதாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேறொரு வழி மடக்கை அளவிடை. அதில் சம தூரம் சம கூட்டலைக் குறிப்பதில்லை. சம பெருக்கலைக் குறிக்கும். ஒன்றிலிருந்து பத்துக்கு எவ்வளவு தூரமோ, பத்திலிருந்து நூறுக்கும், நூறிலிருந்து ஆயிரத்துக்கும் அவ்வளவே தூரம். 18 சென்ரிமீற்றர் படத்தில் 10 மில்லிமீற்றர் மழை 6 சென்ரிமீற்றர் உயரத்திலும், 100 மில்லிமீற்றர் 12 சென்ரிமீற்றர் உயரத்திலும் இடம் பெறும். நெடுங்கேணியின் 800 மில்லிமீற்றர் பதினேழரைச் சென்ரிமீற்றர் அளவில் அடங்கிவிடும். சிறுமழையும் பெருமழையும் ஒரே படத்தில் தெரியும். ஆயினும், பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. மழையற்ற நாட்கள் இந்தப் படத்தில் இடமின்றி மறைந்துபோகும். மழையில்லா நாட்களே வறட்சியின் கதையைச் சொல்லும் வன்னியில் அது சிறிய இழப்பன்று. ஆகவே, பூச்சியத்துக்கு அண்மையில் சாதாரண அளவிடையும் அதற்கு மேல் மடக்கை அளவிடையும் அமைந்த கலப்பு அச்சைக் கையாளலாம். அன்றி, வறண்ட நாட்களை அடியில் தனிக் குறிகளால் காட்டலாம். மடக்கை அச்சு எதுவாயினும், அது மடக்கை அச்சே என்பதை எழுதிக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் வெள்ளத்தை மழைத்தூறல் என்று மக்கள் எண்ணிவிடுவர்.

இறுதியாக, அச்சின் திசையைப் பற்றியும் ஒரு சொல். வவுனியாவின் கிணறுகளில் நீர்மட்டத்தை அளப்போர், நிலத்திலிருந்து நீர் எத்தனை மீற்றர் கீழே உள்ளது என்றே குறிப்பர். மாரியில் அவ்வெண் சிறிதாகும், கோடையில் பெரிதாகும். கணினி பெரிய எண்ணை மேலே வைக்கும் வழக்கமுடையது. ஆதலால் கிணறு வற்ற வற்ற வரைபு ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவர் நீர் பெருகுகின்றதென்று மகிழ்வர். அச்சைத் தலைகீழாக்கி, பூச்சியத்தை மேலே வைத்து, ஆழம் கீழ்நோக்கி வளரும்படி ஒரு கட்டளையிட்டால், நீர் தாழும்போது கோடும் தாழும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், கணினிக்கு வரைபு எழுதிக் கொடுப்பவர் முதலில் எழுத வேண்டியது அச்சின் எல்லை என்பது தெளிவாகும். தரவு வருமுன்பே, ‘இந்த வரைபைப் பார்ப்பவர் எதனைத் தீர்மானிக்கப் போகின்றார்?’ என்று கேட்டு, பூச்சியம் வேண்டுமா, முழு மட்டம் வேண்டுமா, ஒரே அச்சு வேண்டுமா, மடக்கை வேண்டுமா, திசை எது என்பவற்றை அவர் முடிவு செய்தல் வேண்டும். வரைபைப் பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கோட்டின் சரிவைக் கண்டு அஞ்சவோ மகிழவோ முன், ஓரத்திலுள்ள எண்களை ஒருமுறை படித்தல் வேண்டும். அவை எட்டாத தூரத்தில் இருப்பின், எழுந்து நின்று கேட்டல் வேண்டும். இரணைமடுவின் அளவுகோலை நாட்டியவர்கள் நீர் வருமுன்பே கோடுகளை வரைந்து வைத்தார்கள். அதனாலேயே, மாரிதோறும் எழும் ‘குளம் எத்தனை அடி?’ என்னும் வினாவுக்கு ஐயமற்ற விடை கிடைக்கின்றது.